கடல் தாண்டி ஏறிய புரை

சாவுக்கு அஞ்சாதவன் என்று என்னைப் பற்றி நானே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு மரவள்ளிக்கிழங்குத் துண்டு வந்து அந்த நம்பிக்கையைத் தொண்டையிலேயே நிறுத்திவிட்டது.

மலாயாவில், பிரிக்பீல்ட்சில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியறையில் அப்போது குடியிருந்தேன். ரயில்வே சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா வேலை. என்னோடு அறையில் இருந்தவனை ஒருநாள் லோரியில் ஏற்றி, சயாமில் தண்டவாளம் போடக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் தலையணை மட்டும் மூலையில் கிடந்தது. அதன் முகத்தைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்து அவித்த கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோது அது அடைத்தது. தண்ணீர்ச் செம்பில் சொட்டு இல்லை. நெஞ்சுக்கு மேலே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போலிருந்தது. செத்தேன் என்று முடிவுகட்டிவிட்டேன். இடுப்பில் துண்டோடு மாடிப்படியில் உருண்டு இறங்கி, கடைக்குள் ஓடி, கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் முன்னால் நின்று, "மூச்சு வரலை, மூச்சு வரலை, நான் போறேன்" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் கோப்பியை ஆற்றி முடித்தார். கொடுக்க வேண்டிய ஆளுக்குக் கொடுத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"மூச்சு வரலைங்கிறதை இவ்வளவு சத்தமாச் சொல்றியே தம்பி, இந்தச் சத்தத்துக்கு மூச்சு எங்கேருந்து வருது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு குவளை வெந்நீரை நீட்டினார். குடித்தேன். கிழங்கு இறங்கியது. துண்டைச் சரியாகக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஞாபகமும் அப்போதுதான் வந்தது.

"யாரோ நினைச்சிருக்காங்க போல" என்றேன், மிச்சமிருந்த மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள.

அவர் என் தொண்டையை உற்றுப் பார்த்தார். "இல்லை தம்பி. இது புரை இல்லை. வெறும் கிழங்கு. உன்னை யாரும் நினைக்கலை."

வைத்தியர் நாடி பிடித்துச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். கிழங்கு அடைத்ததைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. சொன்னது சரி என்பதால் வலித்தது. அப்பா அம்மா இருவரும் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காய்ச்சலில் போனவர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஆளில்லை. இந்தப் பக்கம் ஒரு தலையணை இருந்தது.

அவரை நாங்கள் பாய் என்று கூப்பிட்டோம். கடை முதலாளியும் பாய்தான். ஆனால் முதலாளியை முதலாளி என்போம், இவரைப் பாய் என்போம். ஒல்லியாக, உயரமாக, கொஞ்சம் முன்னால் வளைந்த கழுத்தோடு இருப்பார். அந்தக் கழுத்தில் குரல்வளை கிணற்று வாளி மாதிரி ஏறி இறங்கும். கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. வெளுத்துப்போன சாரம், தலையில் தொப்பி, தோளில் ஒரு துண்டு. சீனி கிடைக்காத காலத்தில் வெறும் கருகல் வாடையை வைத்துக்கொண்டு கோப்பி என்று ஒன்றை அவரால் கொடுக்க முடிந்தது. குடித்துவிட்டு யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. காலத்தைத்தான் சொன்னார்கள்.

நாகப்பட்டினத்துக்காரர். ஊரில் மனைவி, கண் தெரியாத தாயார். பிள்ளைகள் இல்லை. சண்டைக்கு முன்னால் கப்பல் வரும் வாரமெல்லாம் அவருக்கு ஒரு கடிதம் வந்துவிடுமாம். அவர் மனைவிக்கு எழுதத் தெரியாது. தெருவில் யாரையாவது பிடித்து எழுதவைப்பார். பாய்க்கும் படிக்கத் தெரியாது. இங்கே யாரையாவது பிடித்துப் படிக்கவைப்பார். ஆக, புருஷன் பெண்ஜாதி பேச்சு நாலு பேர் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் வந்தான், கப்பல் நின்றது, கடிதம் நின்றது. அதற்குப் பிறகு அவருக்கு வந்ததெல்லாம் புரைதான்.

சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தலையில் ஒரு தட்டுத் தட்டி, தண்ணீரைக் குடித்து, அந்த யாரோவை அத்தோடு மறந்துவிடுவோம். அவர் அப்படி விடுகிறவர் இல்லை. புரையேறியதும் வலது கையைச் சோற்றோடு அப்படியே தட்டில் வைத்துவிட்டு இடது உள்ளங்கையை உயர்த்துவார். யாரும் கிட்டே வரக் கூடாது, தலையில் தட்டக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது. கண்ணில் நீர் வழிய, முகம் சிவக்க, தோள் குலுங்க, முழுப் புரையையும் இருமி முடிப்பார். ஆரம்பத்தில் ஒருவர் தெரியாமல் தட்டப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"நிறுத்தாதேங்கிறேன்ல. அவ பேசிட்டிருக்கா. பேசி முடிக்கட்டும்."

முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சேதி சொல்வார். காரமாக மூக்கு வரை ஏறினால் மனைவி கோபமாக இருக்கிறார். லேசாகத் தொண்டையில் கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டுப் போனால் உம்மா, அதாவது தாயார். இரண்டும் சேர்ந்து வந்தால் மாமியாருக்கும் மருமகளுக்கும் வீட்டில் தகராறு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இவரிடம் முறையிடுகிறார்கள். தண்ணீர் குடிக்கும்போது வந்தால் வெறும் விசாரிப்பு, பெரிதாக ஒன்றுமில்லை. இப்படி ஒரு முழுத் தபால் இலாகாவையே அவர் தொண்டையில் வைத்திருந்தார்.

"கிழங்குப் புட்டை இப்படி வறட்டு வறட்டுன்னு அள்ளிப் போட்டா யாருக்குத்தான் ஏறாது?" என்று கேட்டேன் ஒருமுறை.

"உனக்கு ஏறலையே."

எனக்கு ஏறாததற்குக் காரணம் இருந்தது. அந்த முதல் அடைப்புக்குப் பிறகு எதைத் தின்றாலும் கூழாகும்வரை அரைத்துத்தான் உள்ளே அனுப்புவேன். கஞ்சியையும் மெல்லுவேன். தண்ணீரை மென்று குடித்த ஒரே ஆள் இந்த மலாயாவில் நானாகத்தான் இருப்பேன். மேலே தனியாகத் தின்னப் பயந்துகொண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து பாய்க்கு எதிரே உட்கார ஆரம்பித்தேன். ஒன்று நடந்தால் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே. அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். உள்ளே திரும்பி முதலாளியிடம் சொன்னார்: "பாவம் அந்தப் பையன். புரையேறுமான்னு பார்க்க வந்து உட்கார்ந்திருக்கான். ஒருத்தியும் நினைக்க மாட்டேங்கிறா."

அவருடைய இந்தப் புரைப் பைத்தியம் ஒருநாள் அவருக்கு அறையும் வாங்கிக் கொடுத்தது. ஜப்பான் சிப்பாய் ஒருவன் கடைக்கு வந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். தாடியே முளைக்காத வயது. துப்பாக்கியை மேசையில் சாத்தியிருந்தான். கோப்பி புரையேறிவிட்டது. பக்கத்தில் நின்ற பாயின் கை பழக்கதோஷத்தில் அவன் தலைக்கு மேலே போய்விட்டது. கடையே கல்லாகிவிட்டது. ஜப்பான்காரன் தலையில் தட்டிவிட்டு உயிரோடு இருந்தவர் யாரும் எங்கள் பழக்கத்தில் இல்லை. நான் மேசைக்கு அடியில் விழுந்த ஏதோ ஒன்றைத் தேடப் போய்விட்டேன். விழுந்தது ஒன்றுமில்லை, நான்தான்.

பாயின் கை பாதியில் நின்றது. அந்தப் பையனுக்குக் கொஞ்சம் மலாய் தெரியும் என்பதால் மலாயிலேயே மெதுவாகச் சொன்னார்: "உன் அம்மா நினைக்கிறாங்க."

அவன் இருமல் அடங்கியதும் எழுந்து நின்று பாயின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனான். அங்கே கொஞ்ச நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான்.

"அறிவிருக்கா உமக்கு?" என்று முதலாளி கத்தினார். "கடையைக் கொளுத்தியிருப்பான்."

பாய் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அடிச்சான், சரி. ஆனா நான் சொன்னது அவனுக்குப் புரிஞ்சிடுச்சு முதலாளி. அதான் அடிச்சான்."

இப்படிப்பட்ட மனிதரைச் சாப்பாடே கொல்லப் பார்த்தது.

அந்த வருஷம் பெருநாளுக்கு முதலாளி எங்கேயோ கிள்ளான் பக்கமிருந்து ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆடு எங்கள் எல்லோரையும்விட மூத்தது என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. பாய்தான் சமையல். செம்பனை எண்ணெயில் கறி கொதித்தபோது தெருவில் போன சைக்கிள்கள் தாமாகவே மெதுவாகின. பல மாதமாகக் கிழங்கும் கீரையும் பார்த்த நாக்குகள். மத்தியானம் எல்லோரும் ஒரே பந்தியாக உட்கார்ந்தோம். பாய் வழக்கம்போல எனக்கு எதிரே.

நான் முதல் துண்டையே இன்னும் அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் இடது கையை உயர்த்தினார்.

வந்துவிட்டது தபால் என்று நாங்கள் எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தோம். பெருநாள் அல்லவா, ஊரிலும் கறி சமைத்திருப்பார்கள், நினைக்கத்தானே செய்வார்கள். கை இறங்கவில்லை.

"என்ன பாய், இன்னிக்குக் கடுதாசியா பார்சலா?" என்றேன். பந்தியே சிரித்தது. நல்ல பகடி என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டு இன்னொரு தடவை மென்றேன்.

அவர் கண்கள் என்னையே பார்த்தன. வாய் திறந்திருந்தது. தோள் குலுங்கவில்லை. உதடு நீலம் பூத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, சத்தமே இல்லை. இருமல் இல்லை, இழுப்பு இல்லை, ஒன்றுமில்லை. மூச்சு வரலை என்று கத்துகிறவனுக்கு மூச்சு வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குச் சொன்ன மனிதர் எதிரே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதலில் தண்ணீர்க் குவளையை எடுத்து, பாதியைத் தரையில் கொட்டி, மீதியை நானே குடித்தேனாம். பிறகு "ஆட்டை நிறுத்துங்க, ஆட்டை நிறுத்துங்க" என்று கத்தினேனாம். ஆடு குழம்பாகி வெகு நேரமாயிற்று. அடுத்து மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி அவர் உச்சந்தலையில் படபடவென்று அடித்தேன். தொப்பி பறந்ததே தவிர வேறெதுவும் நகரவில்லை. முதலாளி துஆ ஓதத் தொடங்கினார். பாய் எழுந்தார், மேசையைப் பிடித்தார், கால் மடங்கியது. தாங்கிப் பிடிக்கலாம் என்று பின்னாலிருந்து அவர் வயிற்றைச் சுற்றிக் கையைப் போட்டேன். நான் கொட்டிய தண்ணீரில் நானே வழுக்கினேன். என் முழுப் பாரத்தோடும் அவரை அணைத்தபடி முன்னால் விழுந்தேன். பெஞ்சின் விளிம்பு அவர் வயிற்றிலும், அவர் முதுகு என் மூக்கிலும் இடித்தன. டபக்கென்று ஒரு சத்தம். கறித்துண்டு பறந்து வந்து என் தட்டில் விழுந்தது.

முழுசாக, ஒரு பல் கூடப் படாமல் இருந்தது.

பிறகு ஒரு மூச்சு. கிணற்றில் கயிறு இறங்குவது போல நீளமாக, கரகரத்துக்கொண்டு. அவ்வளவு அழகான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் மூச்சு விட, நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எனக்குத் தண்ணீர் கொடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் முழுக்க நான் அவரைக் காப்பாற்றியதாகப் பேச்சு. நான் காப்பாற்றவில்லை. மேலே விழுந்தேன்.

அவர் சுவரில் சாய்ந்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கையைத் தூக்கினேன்ல?"

"தூக்கினீங்க."

"உன்னைக் கூப்பிட்டேன்டா. வாய் வரலை. கையை மட்டுந்தான் தூக்க முடிஞ்சுது." பிறகு தானாகவே சொன்னார்: "நீ என்ன பண்ணுவே. நான் பழக்கினதுதானே."

அன்றோடு அவர் மாறிப்போனார். அடுத்த நாள் புரையேறியபோது கையை உயர்த்தவில்லை. அவசரமாகத் தண்ணீரைக் குடித்து அடக்கிவிட்டார். சேதி இல்லை. யாராவது கேட்டால், "ஆபீசை மூடியாச்சு" என்று குவளைகளைக் கழுவப் போய்விடுவார். கடைக்குள் வழக்கமாக இருந்த ஒரு சத்தம் நின்றுவிட்டது. முதலாளியே ஒருநாள் என்னிடம், "அந்தாளு முன்ன மாதிரி இருமினாத் தேவலை" என்றார்.

நான்தான் வாயைக் கிளறினேன். வெயில் சாய்ந்த நேரம், கடையில் ஆளில்லை.

"ஏன் பாய், அவங்க நினைக்கலேன்னு ஆயிடுச்சா?"

"அவ நினைக்கிறதைப் பத்தி இல்ல தம்பி." தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவ நினைச்சா எனக்கு ஏறுது. அப்ப நான் நினைச்சா அவளுக்கு ஏறும்ல?"

"ஏறும்."

"அதை இத்தனை நாள் யோசிக்கலை பாரு. எனக்கு வந்ததைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். இங்க அடைச்சப்ப ஒரு கடை ஆளு சுத்தி உட்கார்ந்திருந்துச்சு. அப்படியும் போகப் பார்த்தேன். அவ உம்மாவுக்கு ஊட்டிட்டு அடுக்களையில தனியா உட்கார்ந்து திம்பா. அடைச்சுதுன்னா சத்தம் வராது. உம்மாவுக்குக் கண்ணு தெரியாது. சத்தமும் இல்லாம, கண்ணும் தெரியாம, பக்கத்து அறையில இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பகடி எதுவும் எனக்கு வரவில்லை. வராதது அதுதான் முதல் தடவை.

"அதனால அவ சாப்பிடற நேரத்துல நான் அவளை நினைக்கப்போறதில்லை" என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, அது லேசான வேலையா? மற்ற நேரம் முழுக்க நினைத்துக்கொள்ளலாம், அந்த நேரத்தில் மட்டும் கூடாது. முதலில் அது எந்த நேரம் என்று தெரிய வேண்டும். ஜப்பான்காரன் எங்கள் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். அது காட்டும் பன்னிரண்டு மணியை வெயிலே ஒப்புக்கொள்ளாது. ஆகவே பாய் கடிகாரத்தை விட்டுவிட்டு நிழலைப் பிடித்தார். சூரியன் நமக்குத் தலைக்கு மேலே வந்து தாண்டிய பிறகுதான் நாகப்பட்டினத்துக்குப் போகும் என்று கப்பல்காரர்களிடம் கேட்டு வைத்திருந்தார். கடைக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தின் நிழல் சாக்கடையைத் தொட்டால் அங்கே அவர் மனைவி தட்டெடுத்து உட்காருகிறார். நிழல் சாக்கடையைக் கடந்து நடைபாதைக்கு ஏறினால் கை கழுவிவிட்டார். மழை நாளில் நிழல் கிடையாது. அன்றைக்கு மத்தியானம் முழுக்க அபாயம்தான்.

"நீ நல்லாப் பேசுவியே. அந்த நேரத்துக்கு வந்து ஏதாவது பேசிட்டிரு" என்றார்.

அப்படித்தான் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. சரக்குக் கொட்டகையில் அப்போது சரக்கும் இல்லை, வேலையும் இல்லை. நிழல் சாக்கடையை நெருங்கும்போது நழுவி வந்து பாய்க்கு எதிரே உட்கார்ந்துவிடுவேன். ஸ்டேஷன் மாஸ்டர் ஜப்பான் அதிகாரியைக் கும்பிடக் குனிந்து, வேட்டி அவிழ்ந்து, குனிந்தபடியே அறைக்குள் நடந்து போனதை நடித்துக் காட்டுவேன். நான் தண்ணீரை மெல்லுவதை நானே கேலி செய்வேன். ஆடு கதையை எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன், ஒவ்வொரு தடவையும் கறித்துண்டு இன்னும் கொஞ்ச தூரம் பறக்கும். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஓரக்கண்ணால் நிழலைப் பார்ப்பார். உலகத்தில் எத்தனையோ பேர் மனைவியை மறக்க என்னென்னவோ செய்கிறார்கள். மனைவி பிழைக்க வேண்டும் என்று அவளை மறக்கப் பாடுபட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் சறுக்கிவிட்டேன். கிள்ளான் ஆற்றில் ஒருவன் மீன் பிடிக்கப் போன கதையை எடுத்தேன். தூண்டில் அவன் கால்சட்டையிலேயே மாட்டிக்கொண்டது என்பதுதான் விஷயம். அங்கே போவதற்குள் பாயின் முகம் மாறிவிட்டது.

"மீன்னு சொல்லாதே தம்பி."

"ஏன்?"

"அவளுக்கு மீனில்லாமச் சோறு இறங்காது. முள்ளு நிறைய இருக்கற மீனாப் பார்த்து வாங்குவா. அதுலதான் ருசிம்பா. நான் இருந்தா முள்ளு எடுத்துக் கொடுப்பேன். அவ..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். தெருவைப் பார்த்தார். நிழல் சாக்கடையின் நடுவில் கிடந்தது.

"போச்சு" என்றார். "நினைச்சுட்டேன்."

அன்று முழுதும் அவர் கோப்பி ஆற்றவில்லை. வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே ரயில் தண்டவாளமும் அதற்கப்பால் கிள்ளானும் அதற்கப்பால் கடலும். சேதி வந்தாலும் வர வழியில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். ஒரு மீன் கதையால் கடலுக்கு அப்பால் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டோமோ என்று வியர்த்துக்கொண்டு நின்றவன் நான். இதைச் சொன்னால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். அன்று எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது அவருக்குக் காரமாகப் புரையேறியது. மூக்குவரை. பல மாதத்துக்குப் பிறகு இடது கையை உயர்த்தினார். நான் பாதி எழுந்துவிட்டேன். ஆனால் சத்தம் இருந்தது, நல்ல சத்தம், கடையே அதிரும் இருமல். முழுக்க இருமி முடித்தார்.

"இருக்கா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கோபமா இருக்கா. முள்ளு குத்தியிருக்கும்."

அதற்குப் பிறகு மீன் இல்லாத கதைகளாகப் பார்த்துச் சொன்னேன்.

சண்டை முடிந்தது. ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டுகள் செல்லாக் காசாகித் தெருவில் பறந்தன. கடிகாரங்களைத் திரும்பவும் பழையபடி திருப்பி வைத்தார்கள். பாய் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, விளக்குக் கம்பத்தோடுதான் இருந்தார். கப்பல் ஓடத் தொடங்கியதும் முதலாளி அவருக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார். கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்கு ரயிலில் நான்தான் கூடப் போனேன். வழியெல்லாம் பேசினேன். அவர் கேட்டாரா என்று தெரியாது. அங்கே யார் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசினேன்.

கப்பல் பாலத்துக்குப் பக்கத்தில் மூட்டையை இறக்கி வைத்தார்.

"போனதும் ஒரு கடுதாசி போடுங்க பாய்."

"யாரைப் பிடிச்சு எழுதுறது" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இனிமே மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவே?"

"எதுக்கு?"

"சொல்லு."

"ஒரு மணிக்குன்னு வச்சுக்குங்க."

"தனியாத்தானே திம்பே. எதிர்ல ஆள் கிடையாது." மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நீ சாப்பிடற நேரத்துல உன்னை நினைக்காமப் பார்த்துக்கறேன்."

திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார். வளைந்த கழுத்து கூட்டத்தில் கொஞ்ச தூரம் தெரிந்தது.

கடிதம் வரவில்லை. வரும் என்று நான் நம்பவும் இல்லை. ஆனால் ஒரு வருஷம்போல ஆன பிறகு நாகப்பட்டினத்திலிருந்து திரும்பிய ஒருவர் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "உங்க கோப்பிக்காரர் அங்க ஊருக்கே வேடிக்கையாயிட்டார். புருஷன் தின்னு எழுந்தப்புறம் பொண்டாட்டி திங்கறதுதானே வழக்கம்? இவர் அந்தம்மாவை எதிரே உட்கார வச்சுக்கிட்டுத்தான் சோத்துல கை வைக்கிறார். அவங்க தட்டுலேருந்து முள்ளை வேற எடுக்கிறாராம். அந்தம்மா வெட்கத்துல சாகறாங்க."

நான் மாடிக்குப் போய் தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பிரிக்பீல்ட்சில்தான் இன்னும் இருக்கிறேன். அந்தக் கடை இப்போது இல்லை. தலை நரைத்துவிட்டது, கல்யாணம் என்ற பேச்சு வந்த வழியே போய்விட்டது. சரியாக ஒரு மணிக்கு மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இன்னும் எல்லாவற்றையும் அரைத்துத்தான் விழுங்குகிறேன், அந்தப் பயம் போகவில்லை. ஒரு மணிச் சாப்பாட்டில் இத்தனை வருஷத்தில் எனக்குப் புரையேறியதே இல்லை. மெல்லுவதால் என்று டாக்டர் சொல்கிறார். டாக்டருக்கு என்ன தெரியும். ஒரு மனிதர் வாக்குத் தவறாமல் இருக்கிறார்.

ஆனால் சில நாள் அந்த மேசை மிகவும் பெரிதாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட நாளில் ஒரு மணியைத் தாண்டவிடுவேன். இரண்டு ஆகட்டும் என்று சும்மா உட்கார்ந்திருப்பேன். நேற்று அப்படி உட்கார்ந்திருந்துவிட்டு, ரசத்தை எடுத்து மெல்லாமல் குடித்தேன்.

ஏறியது. மூக்குவரை ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, தோள் குலுங்கியது, பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அப்பாலிருந்து, "என்ன அங்கிள், தண்ணி குடிங்க, தலையைத் தட்டுங்க" என்று குரல் கொடுத்தார்கள். செம்பு நிறையத் தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நான் எடுக்கவில்லை. இடது கையை உயர்த்தினேன். பேசி முடிக்கட்டும்.